உடலின் கணக்கு

மகாவலி ஆற்றங்கரையை அண்டிய பல்கலைக்கழக விடுதி ஒன்றில், குளியலறைக்குச் செல்லும் நடைவழியின் முடிவில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. எந்த ஆண்டில் எவர் அதனை அங்கே சாத்திவைத்தார் என்பது இன்று எவருக்கும் தெரியாது. கீழ்மூலையில் இரசம் உதிர்ந்து கறுத்துப்போன அக்கண்ணாடியின் முன், இரவு பத்து மணிக்குப் பின்னர் நடமாட்டம் ஓய்ந்த வேளைகளில், மாணவன் ஒருவன் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு நிற்பது வழக்கமாயிருந்தது. கலைப்பீடத்தில் இரண்டாம் வருடம் பயின்றவன். வடமராட்சிக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவன். கையை மடக்கிப் புயத்தைப் பார்ப்பான். பக்கவாட்டில் திரும்பி நெஞ்சை நிமிர்த்திப் பார்ப்பான். காலடியோசை கேட்டால் துவாயைத் தோளிற் போட்டுக்கொண்டு, பல் துலக்க வந்தவன் போல அகன்றுவிடுவான்.

பல்கலைக்கழகத்துள் நுழைந்தபோது அவனது உயரம் 170 சென்ரிமீற்றர். நிறை 52 கிலோகிராம். பகிடிவதைக் காலத்தில் மூத்த மாணவர்கள் அவனுக்கு இட்ட பெயர் 'ஈர்க்கு'. பகிடிவதை சில மாதங்களில் ஓய்ந்தது, பெயர் ஓயவில்லை. சிற்றுண்டிச்சாலையிலும் நூலகப் படிக்கட்டிலும் மாணவியர் முன்னிலையிலும் அவன் அப்பெயராலேயே அழைக்கப்பட்டான். அழைத்தவர்கள் நண்பர்களே, ஆதலால் மறுத்துரைக்கவும் அவனால் இயலவில்லை. விடுமுறைக்கு வீடு சென்றால் தாய் வாசலிலேயே, "என்ன ராசா, அங்கை சாப்பாடு தாறேல்லையோ? எலும்பும் தோலுமாய் வந்து நிக்கிறாய்" என்று அங்கலாய்ப்பாள். கேலி வழங்கிய தீர்ப்பையே பாசமும் வேறு சொற்களில் வழங்கிற்று.

உடலைப் பற்றிய வெட்கத்தை வாய்விட்டுச் சொல்வது ஆடவனுக்கு அழகன்று என்று நமது சமூகம் கற்பித்து வந்துள்ளது. பசியைச் சொல்லலாம், பணமின்மையைச் சொல்லலாம், பரீட்சைப் பயத்தையும் ஒருவாறு சொல்லிவிடலாம். தன் தோள் ஒடுங்கியிருப்பது தன்னை உறங்கவிடாமற் செய்கின்றது என்பதை ஓர் இளைஞன் எவரிடம் சொல்வான்? ஆகவே அவன் கண்ணாடியிடம் மாத்திரமே அதனைச் சொன்னான்.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் அவன் நகரத்து உடற்பயிற்சிக் கூடம் ஒன்றிற் சேர்ந்தான். இரும்புக்கடை ஒன்றின் மேல்மாடியில் அமைந்திருந்த அக்கூடத்தின் சுவர்களில் வெளிநாட்டு மல்லர்களின் வண்ணப்படங்கள் ஒட்டப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றன் அடியில் உயரம் 178 சென்ரிமீற்றர், நிறை 110 கிலோகிராம் எனவும், உழைப்பவன் எவனும் இவ்வாறாகலாம் என்னும் பொருள்படவும் ஆங்கிலத்திற் பொறிக்கப்பட்டிருந்தது. கைத்தொலைபேசியைத் திறந்தாலோ, மெலிந்தவன் ஒருவன் பன்னிரண்டு வாரங்களில் மல்லனாகிய விந்தையைக் காட்டும் இரட்டைப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. எண்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்கி, அதன் முதற்பக்கத்தில் '70' என்று பெரிதாக எழுதினான். ஓராண்டில் எழுபது கிலோகிராம் ஆகிவிடுவது என்பதே அவனது சங்கற்பம்.

அவன் சோம்பவில்லை. கிழமையில் நான்கு நாள், மழையிலும் பரீட்சைக் காலத்திலும், விரிவுரை முடிந்ததும் பேருந்தேறிச் சென்றான். தூக்கிய பாரத்தையும் எத்தனை தடவை தூக்கினான் என்பதையும் கொப்பியிற் குறித்தான். ஓராண்டு முடிவில் மருந்துக்கடை வாசலிலிருந்த நிறை இயந்திரத்தில் ஏறி நின்றபோது அது 57.5 எனக் காட்டிற்று. ஐந்தரைக் கிலோகிராம் கூடியிருந்தது. எழுபதை எதிர்பார்த்து நின்றவன் கண்ணுக்கு அது கூடியதாகத் தெரியவில்லை. பன்னிரண்டரைக் கிலோகிராம் குறைந்ததாகவே தெரிந்தது.

அந்த வாரத்திலேயே கூடத்தில் நெடுங்காலம் பயின்ற ஒருவர் அவனைத் தனியே அழைத்தார். "தம்பி, சோறும் பருப்பும் தின்டு இந்த உடம்பு வராது. எல்லாரும் போடுறதுதான். பத்துக் கிழமை போட்டுப் பார், பிறகு என்னட்டை வந்து சொல்லு" என்றார். போடுவது எனப்பட்டது ஊசி. அதற்கான செலவு அவனது புலமைப்பரிசிற் பணத்திற் பல மாதங்களை விழுங்கும். இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டு அவன் விடுதிக்குத் திரும்பினான்.

மருத்துவபீடத்தில் இறுதி வருடம் பயின்ற ஊரவர் ஒருவர் இருந்தார். சிறு வயது முதல் 'அண்ணை' என்றழைத்துப் பழகியவர். அவரிடம் ஊசியைப் பற்றி நேரே கேட்க நாணி, கொப்பியை மாத்திரம் நீட்டினான். அவர் தேநீரை ஒருபுறம் வைத்துவிட்டுக் கொப்பியை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்தார். பின், "தொடங்கேக்கை இருபது கிலோவைத் தூக்க ஏலாமல் நிண்டனி. இப்ப ஐம்பதைத் தூக்குறாய். நிறையும் அஞ்சரைக் கிலோ ஏறியிருக்கு. இதை ஏனடா தோல்வி எண்டு எழுதி வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டார்.

அவனிடம் விடை இருக்கவில்லை. அவ்வினாவுக்குரிய விடை அவன் உடலில் இல்லை. எழுபது என்னும் இலக்கு எங்கிருந்து வந்தது என்பதில் உள்ளது. அதனை அறிவதற்குச் சிறிது பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

உடலை வளர்க்கும் ஆசை புதியதன்று. கி.மு. ஆறாம் நூற்றாண்டில், தென் இத்தாலியில் இருந்த குரோற்றன் என்னும் கிரேக்கக் குடியேற்ற நகரில் மைலோ என்னும் மல்லன் வாழ்ந்தான். ஒலிம்பிய விழாக்களில் மல்யுத்தத்தில் ஆறு முறை வாகை சூடியவன். அவன் இளம் கன்றொன்றை நாள்தோறும் சுமந்தான் என்றும், கன்று வளர வளர அவன் வலிமையும் வளர்ந்து, ஈற்றில் முழு எருதையே சுமந்தான் என்றும் ஒரு பழங்கதை உண்டு. சுமை சிறிது சிறிதாகக் கூடுதல் வேண்டும் என்னும் பயிற்சியின் முதல் விதியை இக்கதை செவ்வனே எடுத்துக் கூறுகின்றது. ஆயின் மற்றோர் உண்மையை அது மறைத்துவிடுகின்றது. வளர்ந்த எருது பல நூறு கிலோகிராம் நிறையுடையது. மெய்வாழ்க்கையில் ஏதோவொரு நாள் கன்று மனிதனை முந்திவிடும்; அன்று அவன் அதனை இறக்கி வைத்தே ஆகவேண்டும். அந்த நாள் எது என்பதைக் கதை சொல்வதில்லை.

நவீன காலத்தில் இவ்வாசைக்கு உருவம் கொடுத்தவர் பிரசிய நாட்டிற் கோனிக்ஸ்பேர்க் நகரில் 1867இற் பிறந்த யூஜின் சாண்டோ ஆவார். தமிழில் வலியவனுக்கு 'சாண்டோ' என்பதே பட்டப்பெயராகிவிட்டது. திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயர்முன் அது நின்றது. தமிழகத்திற் கையில்லாத பனியனுக்கும் அதுவே பெயராயிற்று. 1901ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தில் உடலழகுப் போட்டி ஒன்றைச் சாண்டோ நடத்தினார். துப்பறியும் கதைகளாற் புகழ்பெற்ற ஆதர் கொனன் டொயில் நடுவர்களுள் ஒருவராக அமர்ந்தார். உலகமே வியந்த அந்தச் சாண்டோவின் நிறை ஏறத்தாழ 180 இறாத்தல், அஃதாவது 82 கிலோகிராம் அளவினதே. இன்று அதே உயரத்தில் அந்த நிறையுடன் ஒருவர் தொழின்முறை உடற்கட்டு மேடையில் ஏறின் அவரை எவரும் திரும்பியும் பாரார்.

மனித உடல் நூறாண்டில் மாறிவிட்டதா? இல்லை. மாறியது வேறொன்று. ஆண்மைக்குரிய ஓமோனாகிய ரெஸ்ரொஸ்ரெரோன் 1935இற் பிரித்தெடுக்கப்பட்டு, அதே ஆண்டிற் செயற்கையாகவும் ஆக்கப்பட்டது. அத்துறையில் உழைத்த புற்றெனான்ற், றுசிக்கா ஆகிய இருவரும் 1939இல் இரசாயனத்துக்கான நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1954இல் வியன்னாவில் நடைபெற்ற உலகப் பளுதூக்கற் போட்டிக்குச் சென்ற அமெரிக்க வைத்தியர் ஜோன் சீக்ளர், சோவியத் வீரர்கள் இவ்வோமோனைப் பயன்படுத்துவதாக அறிந்து நாடு திரும்பினார். 1958இற் சீபா நிறுவனம் 'டயனபோல்' என்னும் மாத்திரையை அமெரிக்காவில் வெளியிட்டது. சீக்ளர் அதனைத் தமது வீரர்களுக்குக் கொடுத்தார். வீரர்கள் தாமாகவே அளவைப் பன்மடங்காக்கினர். பிற்காலத்திற் சீக்ளர் தம் செயலுக்காக வருந்தினார். எனினும் திறந்த கதவு மூடப்படவில்லை. சர்வதேச ஒலிம்பிக் குழு 1975இல் இம்மருந்துகளைத் தடைசெய்து, 1976 மொன்றியல் விழாவிற் சோதனையைத் தொடங்கியது. 1988இற் சியோலில் பென் ஜோன்சன் நூறு மீற்றர் ஓட்டத்தில் வென்ற தங்கப்பதக்கம் பறிக்கப்பட்டதும் இவ்வகை மருந்தினாலேயே.

இங்ஙனம் மேடையிற் காணப்பட்ட உடல் மாறியது. அதன் கீழ் எழுதப்பட்ட வாசகம் மாறவில்லை. 'உழைப்பினால் ஆயிற்று' என்றே அது தொடர்ந்து எழுதப்பட்டது. இரும்புக்கடை மாடிச் சுவரில் அம்மாணவன் கண்ட வாசகத்தின் வரலாறு இதுதான்.

மருந்தில்லாத உடல் எதுவரை செல்லும் என்பதை ஓரளவுக்கு அளந்தும் பார்த்திருக்கின்றனர். உடலின் மொத்த நிறையிலிருந்து கொழுப்பின் நிறையைக் கழித்து, எஞ்சியதை மீற்றரிற் கணித்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஒரு சுட்டெண் கிடைக்கும். 1995இல் ஹரிசன் போப் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் 157 ஆண் விளையாட்டு வீரர்களை இவ்வாறு அளந்தனர். அவர்களுள் 83 பேர் மருந்தைப் பயன்படுத்தியவர். 74 பேர் பயன்படுத்தாதவர். பயன்படுத்தாதோரின் சுட்டெண் ஏறத்தாழ 25 என்னும் வரம்போடு நின்றது. பயன்படுத்தியோருள் பலர் அதனைக் கடந்தனர், சிலர் முப்பதையும் தாண்டினர். மருந்து பரவுவதற்கு முற்பட்ட 1939 முதல் 1959 வரையிலான காலத்து 'மிஸ்ரர் அமெரிக்கா' வெற்றியாளர்களின் சராசரிச் சுட்டெண் 25.4 என அவர்கள் மதிப்பிட்டனர். இவ்வரம்பு கல்லில் வெட்டியதன்று. பருத்த எலும்பமைப்புடைய சிலர் மருந்தின்றியே அதனைச் சற்றுத் தாண்டுவதைப் பிந்திய ஆய்வுகள் கண்டுள்ளன. எனினும் ஒரு நாட்டின் தலைசிறந்த உடல்வாகு உடையோர் பல்லாண்டுப் பயிற்சியின் பின் எய்திய எல்லை அது என்பதை மறத்தலாகாது.

அண்ணை அக்கணக்கைக் கொப்பியின் பின்பக்கத்திற் செய்து காட்டினார். சுவரிலிருந்த வீரனின் 110 கிலோகிராமில் நூற்றுக்கு எட்டுப் பங்கு கொழுப்பு எனக் கொண்டால், சுட்டெண் ஏறத்தாழ 32. பல்கலைக்கழகத்துக்கு வந்த புதிதில் மாணவனுடையது, கொழுப்பு நூற்றுக்குப் பன்னிரண்டு எனக் கொண்டால், ஏறத்தாழ 16. ஓராண்டுப் பயிற்சியின் பின் 17.5. இவ்விரு எண்களையும் அருகருகே கண்டபோதுதான், தான் ஓராண்டாக யாரோடு ஓடிக்கொண்டிருந்தான் என்பது அவனுக்கு விளங்கிற்று.

"அப்ப ஊசி வேலை செய்யும்தானே, அண்ணை?" என்று அவன் மெல்லக் கேட்டான். மருந்து பயனற்றது என்று பொய்யுரைத்து அவனைத் தடுக்க அவர் முயலவில்லை. அது வேலை செய்யும்; அச்சந்தருமளவுக்கு வேலை செய்யும். 1996இற் பாசின் என்பாரின் தலைமையில் வெளிவந்த ஆய்வொன்று இதற்குச் சான்று. அவ்வாய்விற் சேர்க்கப்பட்ட 43 ஆடவர் நான்கு பிரிவாக்கப்பட்டனர். மருந்து பெற்ற பிரிவினருக்குக் கிழமைதோறும் 600 மில்லிகிராம் வீதம் பத்து வாரங்கள் அது ஏற்றப்பட்டது. மருந்தின்றிப் பயிற்சி செய்தோருக்குக் கொழுப்பற்ற நிறை ஏறத்தாழ 2 கிலோகிராம் கூடியது. மருந்தேற்றிக்கொண்டு பயிற்சியேதும் செய்யாதிருந்தோருக்கு 3 கிலோகிராமுக்குச் சற்று அதிகமாகக் கூடியது. மருந்தும் பயிற்சியும் சேர்ந்தோருக்கு 6 கிலோகிராம் கூடியது. சும்மா இருந்தவன் உழைத்தவனை முந்தினான். இதனை அறியாத இளைஞன் மருந்தால் வளர்ந்த ஒருவனைத் தன் உழைப்பின் அளவுகோலாகக் கொண்டால், தன்னைச் சோம்பேறி என்றோ குறைபாடுடையவன் என்றோ எண்ணிக்கொள்வதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை.

அம்மருந்துக்குரிய விலை பணத்தில் மாத்திரம் அறவிடப்படுவதன்று. வெளியிலிருந்து ஓமோன் வரும்போது உடல் தன் சுரப்பை நிறுத்திக்கொள்கின்றது, விந்தகங்கள் சுருங்குகின்றன, மகப்பேற்றுக்குரிய ஆற்றல் குன்றுகின்றது. மருந்தை நிறுத்தியபின் அச்சுரப்பு மீளப் பல மாதங்கள் ஆகலாம். சிலரிடத்து முழுமையாக மீளாமலும் போகலாம். இரத்தத்தின் நற்கொழுப்புக் குறைந்து இதயம் தடிக்கின்றது. மாத்திரைகள் ஈரலைத் தாக்குகின்றன. களவிற் கைமாறும் குப்பியினுள் இருப்பது எது என்பதற்கும் எவரும் பொறுப்பில்லை. ஈட்டிய தசையிலும் பெரும்பங்கு மருந்தோடு வந்து மருந்தோடு போய்விடுவதால், நிறுத்தும் துணிவும் பலருக்கு வருவதில்லை.

அவ்வாறாயின் மருந்தில்லாத உடலின் உண்மையான வேகம் எது? பயிற்சியின் முதற்சில வாரங்களில் வலிமை விரைந்து கூடும். தசையோ அவ்வளவு பருக்காது. இருக்கும் தசைநார்களைச் சேர்ந்தியங்கச் செய்ய நரம்புத்தொகுதி கற்றுக்கொள்வதே அதற்குக் காரணம் என்பது 1979ஆம் ஆண்டளவிலேயே காட்டப்பட்டது. இருபது ஐம்பதாகியும் கண்ணாடி எதையும் காட்டாதிருந்தது இதனாலேயே. அதன்பின் தசை வளரத் தொடங்கும். நன்கு உண்டு, நன்கு உறங்கி, ஒழுங்காகப் பயிலும் புதிய இளைஞனுக்கு முதலாண்டில் மாதமொன்றுக்கு அரைக் கிலோகிராம் கூடுமாயின் அது நற்பேறு. உடல்வாகு வாய்த்த சிலருக்கு ஒரு கிலோகிராமும் கூடலாம். இரண்டாம் ஆண்டில் அவ்வேகம் ஏறத்தாழ அரைவாசியாகும். மூன்றாம் ஆண்டில் மேலும் குறையும். பயிற்சியாளர் அனுபவத்திற் கண்ட இக்கணக்கின்படி, ஓராண்டில் ஐந்தரைக் கிலோகிராம் என்பது சரியான விளைச்சலேயாகும்.

ஒரே பயிற்சி எல்லோருக்கும் ஒரே பயனைத் தருவதுமில்லை. 2005இல் வெளிவந்த ஆய்வொன்றில் 585 ஆண்களும் பெண்களும் பன்னிரண்டு வாரங்கள் ஒரே முறையிற் கைத்தசைக்குப் பயிற்சி பெற்றனர். ஒருவருக்குத் தசையின் பருமன் நூற்றுக்கு 59 கூடியது. மற்றொருவருக்கு நூற்றுக்கு 2 குறைந்தது. ஏனையோர் இவ்விரண்டுக்கும் இடையிற் பரந்து நின்றனர். உடல் நிறையும் இத்தகையதே. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் நடத்தப்பட்டு 1990இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பன்னிரண்டு சோடி ஒத்த இரட்டையர்க்கு 84 நாட்கள் நாளொன்றுக்கு 1000 கலோரி மிகையாக ஊட்டினர். ஒருவருக்கு 4.3 கிலோகிராம் கூடியது, இன்னொருவருக்கு 13.3 கிலோகிராம் கூடியது. ஆயின் ஒரு சோடியைச் சேர்ந்த இருவரும் ஏறக்குறைய ஒரே அளவே கூடினர். பிறப்பு ஒவ்வோர் உடலுக்கும் ஒரு போக்கை வகுத்திருக்கின்றது என்பது இதனாற் புலனாகும். அப்போக்கினுள் முயற்சிக்கு இடமுண்டு. அதனை முற்றாக மாற்றி எழுத இடமில்லை.

உணவைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை கூறுதல் தகும். தசையின் நிறையில் முக்காற்பங்கு நீர். புரதம் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு. பயிற்சி செய்பவருக்கு நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதம் போதும். அதற்குமேல் உண்பதனால் மேலதிகப் பயன் குறைவு என்று 49 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2018ஆம் ஆண்டு ஆய்வு கூறுகின்றது. 57.5 கிலோகிராம் உடையவனுக்கு இது 92 கிராம். இரண்டு முட்டை, இருவேளைப் பருப்பு, ஒரு துண்டு மீன், ஒரு பிடி சோயா, மூன்று வேளைச் சோறு ஆகியவற்றிலிருந்து இதனைப் பெரும்பாலும் பெற்றுவிடலாம். விலையுயர்ந்த தூள் டப்பா இன்றியமையாததன்று. அதேவேளை, எவ்வாறேனும் நிறை ஏறினாற் சரி என்று சீனியையும் எண்ணெயையும் ஏற்றிக்கொள்வது தெற்காசியருக்கு ஆபத்தானது. ஒரே நிறைச் சுட்டெண்ணில் நமது உடலிற் கொழுப்பின் பங்கு ஐரோப்பியரினதைக் காட்டிலும் அதிகம். இக்காரணம் பற்றியே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் ஆசியருக்கு 25க்குப் பதிலாக 23ஐ எச்சரிக்கை எல்லையாகக் குறித்தனர். தோள் பருக்க வேண்டும் என்று உண்டவன் வயிறு பருத்து நீரிழிவோடு முடிதல் நம்மவரிடையே அரிதன்று.

இத்தனையும் அறிந்த பின்னரும் கண்ணாடி ஒருவனை விடாது பற்றியிருப்பின் அது வேறொரு நோய். பருத்த உடலுடையோரே தம்மை மெலிந்தவராகக் காணும் இந்நிலையைப் போப்பும் அவருடைய தோழர்களும் 1990களில் விவரித்தனர். அமெரிக்க உளமருத்துவ சங்கத்தின் 2013ஆம் ஆண்டு நோய்ப் பகுப்பு நூலில் அது இடம்பெற்றது. அதற்கு மருந்து மேலும் தசையன்று. வைத்தியரிடம் வாய்திறந்து சொல்வதே முதற்படி.

இரண்டு நாள் தவணை முடிந்தது. மாணவன் ஊசிக்காரரைத் தேடிச் செல்லவில்லை; அவர் கேட்டபோது காசில்லை என்று மாத்திரம் கூறினான். அது பொய்யுமன்று. கொப்பியின் முதற்பக்கத்தில் இருந்த எழுபதை அவன் வெட்டவில்லை. அதன் கீழே '60' என்று எழுதினான். எந்த ஆண்டுக்கு என்பதை எழுதாது விட்டான்.

அவ்வருட விடுமுறையில் மற்றொன்றும் நிகழ்ந்தது. அவனுடைய தந்தை நெல்லியடியில் நாட்கூலிக்குச் சிமெந்து மூடை இறக்குபவர். ஒரு மூடை ஐம்பது கிலோகிராம். அவருடைய நிறையோ மகனதிலும் குறைவு. கூடவந்த தொழிலாளி வராத ஒரு நாள் மகன் உதவிக்குச் சென்றான். முன்னொரு முறை பாதி மூடையைக்கூட நகர்த்த இயலாது வெட்கித்தவன், அன்று நாற்பது மூடைகளைத் தந்தையோடு சமமாகப் பங்கிட்டு இறக்கினான். "பறுவாயில்லை, தூக்குறாய்" என்றார் தந்தை. அவர் அதற்குமேற் புகழ்ந்து எவரும் கேட்டதில்லை.

அன்று மாலை கிணற்றடியில் தந்தை குளிக்கும்போது மகன் அவருடைய முதுகைப் பார்த்தான். முப்பது ஆண்டு பாரம் சுமந்தும் அது சுவர்ப்படத்து மல்லனின் முதுகாக மாறவில்லை. ஒடுங்கிய தோள், ஈர்க்குப் போன்ற கை, குனிந்தால் விலாவெலும்பு தெரியும் மேனி. உழைப்பு மாத்திரம் தசையை வளர்த்துவிடுமாயின் இந்நாட்டில் அவரினும் பருத்தவர் எவரும் இருக்கமுடியாது. உழைப்புக்கேற்ற உணவும் ஓய்வும் அவருக்குக் கிடைத்ததில்லை. மாறாக இடுப்பு வலிதான் கிடைத்தது. கண்ணாடியின் முன் இரவுதோறும் தான் வெறுத்து நின்ற உடல் யாருடையது என்பதை அவன் அன்று கண்டான். அடுத்த முறை விடுதியிலிருந்து வந்தபோது, மிச்சம் பிடித்த பணத்தில் தந்தைக்கு இடுப்புப் பட்டியொன்றும் பால்மாப் பெட்டியொன்றும் வாங்கி வந்தான்.

முயற்சியை இகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. மெலிந்த இளைஞன் வலிமை பெற விரும்புவது நியாயமான ஆசை. ஒழுங்கான பயிற்சி எலும்பை உறுதியாக்கும், இரத்தத்தின் சீனியைச் சீராக்கும், முதுமையில் வீழாது காக்கும். ஆயின் எதிர்பார்ப்பு என்பது ஒருவன் தன்னோடு செய்துகொள்ளும் ஒப்பந்தமாகும். அதனைப் பொய்க் கணக்கின்மேற் செய்துகொண்டவன், வெற்றி பெற்றுக்கொண்டிருக்கும்போதே தோற்றவன் போல நடக்கின்றான். ஈற்றில் அப்பொய்யை மெய்யாக்க ஊசியை நாடுகின்றான். படத்தின் கீழ் உயரத்தையும் நிறையையும் எழுதுவோர், உட்கொண்டவற்றையும் சேர்த்து எழுதினால் எத்தனையோ இளைஞர் நிம்மதியாக உறங்குவர். அவர்கள் எழுதப்போவதில்லை. ஆகவே கணக்கை அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்லுதல் வேண்டும்.

அம்மாணவன் இப்போது இறுதி வருடத்தில் இருக்கின்றான். நிறை 63 கிலோகிராம். கடந்த ஓராண்டிற் கூடியது ஒரு கிலோகிராமுக்கும் குறைவு. அதுவும் கொப்பியிற் குறிக்கப்பட்டுள்ளது. 'ஈர்க்கு' என்னும் பெயர் இன்னும் போகவில்லை. இப்பொழுது அவனே அதற்கு ஏன் என்று கேட்டுத் திரும்புகின்றான். அண்மையில் ஓர் இரவு குளியலறைக்குச் சென்றபோது, கண்ணாடியின் முன் முதலாம் வருட மாணவன் ஒருவன் மேற்சட்டையின்றி நிற்பதைக் கண்டான். காலடி கேட்டதும் அவன் துவாயைத் தோளிற் போட்டுக்கொண்டு நகர முற்பட்டான்.

"தம்பி, எத்தினை கிலோ இருக்கிறாய்?" என்று இவன் கேட்டான். பதில் வரவில்லை. "நான் வரேக்கை ஐம்பத்திரண்டு" என்று கூறிவிட்டு, கொப்பியை எடுத்துவர அறைக்குத் திரும்பினான்.